நாலு செகண்டு இடைவெளி

"இந்தப் புதுசப் போட்டா அந்த இடைவெளி போயிருமா? முதல்ல அதச் சொல்லு."

வந்தவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தோளில் கருவிப் பை, கழுத்தில் சுகாதாரத் துறையின் நீல அட்டை, அட்டையில் ஆவுடைச்செல்வி என்ற பெயர். வயது முப்பத்துநாலு. எதிரே, கதவைப் பாதி திறந்து மீதியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்ற அம்மாள் நல்ல உயரம். அறுபத்திரண்டு வயதிலும் முதுகு கம்பம் மாதிரி நிமிர்ந்திருந்தது. அவள்தான் பெர்னதெத்.

"எந்த இடைவெளிம்மா?"

"எங்க வீட்டுக்காரரு பேசும்போது நடுவுல நாலு செகண்டு நிக்கும்லா, அது."

"ஓ, அதா? போயிரும்மா. போட்ட வீட்டுல எல்லாம் போயிருச்சு. நேத்து முத்தையாபுரத்துல ஒரு பெரியவருக்குப் போட்டேன். நான் முடிச்சு எந்திரிக்கல, அதுக்குள்ள மருமகனுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் நிறுத்தாம ஏசுனாரு. அத்தன வருசத்துக் கோவம்."

"அப்ப போயிரும்," என்றாள் பெர்னதெத். அது சந்தோஷமா சங்கடமா என்று செல்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாள் உள்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "படி. வாய்விட்டுப் படிச்சிராத."

மூத்த மகளிர் கைப்பந்து லீக். கன்னியாகுமரியில் தொடங்கிக் கோழிக்கோடு வரை ஆறு ஊர், நாற்பது நாள். தலைமை நடுவராக வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

"ரெப்ரியாம்மா நீங்க?"

"இருந்தேன், பதினெட்டு வருசம். அவருக்கு ஒம்பது வருசத்துக்கு முன்னால பக்கவாதம் வந்துச்சு. பேச்சு போச்சு. நான் விசில உள்ள வச்சிட்டேன். ரெண்டு வருசம் ஒரு கடுதாசியும் வரல. அதுக்கப்புறம் வருசா வருசம் வருது. வருசா வருசம் போன் பண்ணி மாட்டேன்னு சொல்லுதேன். நான் பக்கத்துல இல்லன்னா அவரு ஒரு வாக்கியத்த முடிக்க மாட்டாரு."

"சாருக்குத் தெரியுமா, லெட்டர் வர்றது?"

"தெரியாது. நீயும் சொல்லிரக் கூடாது. இடைவெளி போச்சுன்னா பாப்பேன். போகலன்னா எப்பவும்போல பதில். வா உள்ள. செருப்பு அங்கனயே கிடக்கட்டும்."

ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் இன்னாசி. தூத்துக்குடித் துறைமுகத்தின் சிக்னல் கோபுரத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். ஆளில்லாக் கப்பல்கள் வருவதற்கு முன்பு, ரேடியோவில் கப்பல்களோடு பேசி அவற்றை உள்ளே வரவும் வெளியே போகவும் சொன்ன குரல் அவருடையது. வலது காதின் பின்னால் பருப்பளவில் ஒரு வில்லை பதிந்திருந்தது. எதிரே மேஜையில் சாம்பல் நிறப் பேச்சுப்பெட்டி.

"வாங்க தாயி. ரொம்ப…"

நிறுத்தினார். உதடு திறந்தபடியே நின்றது.

"தூரத்துல இருந்தா வாறீய?" என்று பெர்னதெத் முடித்தாள்.

"கோவில்பட்டி சார்."

"கோவில்பட்டின்னா…"

"கடலமிட்டாயி. எப்பப் பாரு இவியளுக்குத் தீனி நெனப்புதான்."

அவர் சிரித்தார். கடலைமிட்டாயைத்தான் சொல்ல வந்தாரா என்பதை யார் கண்டது?

செல்வி பையைப் பிரித்தாள். "ஐயா, விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்கணும்னு ரூல். நீங்க ஒண்ணு சொல்ல நெனச்சதும் காதுக்குப் பின்னால இருக்கிற வில்லை அதப் புரிஞ்சுக்கிட்டுப் பெட்டிக்கு அனுப்புது. பெட்டிக்குள்ள ஜாவாவுல எழுதின ஒரு நிரல் ஓடுது. உங்க வார்த்தை எல்லாம் மதுரையில சொற்கிடங்குல இருக்கு. பெட்டி அங்க கேக்கும், கிடங்கு எடுத்துக் குடுக்கும், அந்த வார்த்தை உங்க காதுல விழும், நீங்க சொல்லுவீங்க. சரியா?"

"சரி."

"ஆனா பெட்டி பேசுற பாஷை வேற, கிடங்கு பேசுற பாஷை வேற. நேரா பேசிக்க முடியாது. நடுவுல இருந்து ரெண்டையும் சேத்து வைக்கிற ஒரு சின்னக் கோப்பு இருக்கு. அதுக்குத்தான் டிரைவர்னு பேரு."

இன்னாசி விரலைத் தூக்கினார். "பைலட்டு மாதிரி. வெளிநாட்டுக் கப்பல்காரனுக்கு நம்ம…"

"பாத தெரியாது."

"நம்ம பைலட்டு படகுல போயி…"

"ஏறி உக்காந்து உள்ள கூட்டிட்டு வருவாரு. அவளுக்குத் தெரியும், வேலையப் பாக்க விடுங்க."

"அதேதான் சார்," என்றாள் செல்வி. "இந்த மாசம் முப்பத்தொண்ணோட பழைய கிடங்க மூடுறாங்க. புதுக் கிடங்குக்குள்ள வர்றதுக்கு உங்க பழைய பைலட்டுக்குப் பழக்கம் இல்ல. மாத்தலைன்னா ஒண்ணாந் தேதி காலையில ஒரு வார்த்தையும் வராது. மாத்தும்போது நாப்பது நிமிசம் பெட்டிய நிறுத்தணும். அந்த நேரம் பேச்சு இருக்காது. பயப்படாதீங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். செல்வி மடிக்கணினியை இணைத்து, பெட்டிக்குள் ஓடிய நிரலை நிறுத்தினாள். பச்சை விளக்கு அணைந்தது.

பெர்னதெத் கணவரின் தோளில் கைவைத்தாள். "என்னங்க, செரியா இருக்கா?"

"ஓவர்," என்றார்.

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "வார்த்தை வருதே!"

"அது மட்டும் வரும். பெட்டி இல்லாட்டியும் வரும்," என்றாள் பெர்னதெத். "ரேடியோவுல பேசிப் பேசி நாக்குலயே தங்கிட்டு. நான் முடிச்சிட்டேன், இனிமே நீ பேசுன்னு அர்த்தம். இவிய வேலையில இன்னொரு வழக்கம் உண்டு, கேளு. டவர்ல சொல்லுதத கப்பல்காரன் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லணும். அப்பத்தான் சொன்னதாச் சேரும். கல்யாணமான புதுசுல என்கிட்டயும் அதே கததான். 'ஆறு மணிக்கு வாறேன்'னு போன்ல சொல்லுவாரு. வைக்க மாட்டாரு. நான் 'ஆறு மணிக்கு வாறீய'ன்னு சொன்னாத்தான் வைப்பாரு. எங்கம்மா ஒருநா பக்கத்துல இருந்து கேட்டுட்டு, பிள்ளைக்குக் காது மந்தமோன்னு பயந்துட்டா."

"ஓவர்," என்றார் இன்னாசி, குறும்பாக.

"ஆமா ஓவர். சும்மா இரிங்க."

செல்வி திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலை செய்தாள். "மாதா புண்ணியம்மா, தப்பிச்சோம். இந்தப் பெட்டியில ஓடுறது ஜாவா எட்டு. நான் பொறக்கறதுக்கு முன்னால வந்தது. இப்ப உள்ள டிரைவர் பாதி இதுல உக்காராது. எட்டுக்கும் ஒத்துவர்றது ஒண்ணே ஒண்ணு கையில இருக்கு."

"அவ்ளோ பழசையா எங்க தலையில கட்டினாங்க?"

"ஓடுறத ஏன் தொடணும்னு விட்டிருப்பாங்க. எங்க ஆபீசுல அப்படித்தான்."

புதுக் கோப்பைப் பெட்டிக்குள் வைத்தாள். புதுக் கிடங்கின் முகவரியை எழுதினாள், கடவுச்சொல்லைக் கொடுத்தாள். முப்பத்தேழாம் நிமிஷம் பச்சை விளக்கு மறுபடி எரிந்தது.

"இப்ப ஒரு சோதனை. படம் காட்டுவேன், பேரு சொல்லணும். ஒரு செகண்டுக்குள்ள சொல்லிட்டா முடிஞ்சது." ஓர் அட்டையைத் திருப்பினாள்.

இன்னாசி பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"கொட."

செல்வி நெற்றியைச் சுருக்கினாள். "இன்னொன்னு சார்."

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "செருப்பு."

"போகலியே," என்றாள் பெர்னதெத். குரல் மெல்ல வந்தது.

"இருங்கம்மா, இருங்க." செல்வி குனிந்து தேடினாள். ஒரு நிமிஷத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என் தப்புதான். எங்க ஆளுங்க எதையும் அழிக்க மாட்டாங்கம்மா. புதுசு வந்தா, பழசோட பேருக்கு முன்னால 'பழசு'ன்னு சேத்து அங்கயே விட்டுருவோம், நாளைக்கு வேணும்னா இருக்கட்டும்னு. நானும் கை போன போக்குல அப்பிடியே செஞ்சிட்டேன். பெட்டிக்கு நாம வச்ச பேரா தெரியும்? ரெண்டு டிரைவர் கிடந்தா எது முன்னால கிடக்கோ அத எடுத்துக்கிடும்."

"ஒரே ஏணி மேல ரெண்டு ரெப்ரி ஏறி நின்ன மாதிரி."

"அப்படியே வச்சுக்கங்க. பழச வெளிய எடுத்துட்டேன். இப்பப் பாருங்க."

பெட்டியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். அட்டையைத் திருப்பினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"சீப்பு."

செல்வி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல், மேல்தட்டில் ஒரு மனிதர்கூட இல்லாமல், மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அம்மா, எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு. ஒரு செகண்டுக்குள்ள வரலைன்னா போட்டது சரியில்லைன்னு அர்த்தம். பெட்டியக் கழட்டித் திருநெல்வேலி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகணும். திருப்பித் தர பத்து நாளு ஆகும்."

"பத்து நாளா! பத்து நாளும் ஓவர்தானா? சேசுவே!" பெர்னதெத் கணவரைப் பார்த்தாள், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை. தோளை ஒருதரம் குலுக்கிக்கொண்டாள், பாயிண்ட் போன பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த சர்வீஸுக்குத் திரும்புகிற மாதிரி. "செரி. எடுத்துட்டுப் போறதுன்னா போ, வேற வழி? நான் மாடிக்குப் போயி காயப்போட்ட துணிய எடுத்துட்டு, ஒரு போனும் பேசிட்டு வந்து கையெழுத்துப் போடுதேன்."

படியேறும் சத்தம் மேலே போயிற்று.

செல்வி கடைசியாக நேரப் பதிவேட்டைத் திறந்தாள். பெட்டி எப்போது கேட்டது, கிடங்கு எப்போது கொடுத்தது, அவர் எப்போது வாய்விட்டுச் சொன்னார் என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் அதில் வரி உண்டு. ஒரு வரியைப் பார்த்தாள். மேலே போனாள். இன்னும் மேலே, வருஷக்கணக்கில் மேலே போனாள். பிறகு நாற்காலியை இன்னாசிக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார்."

"என்ன…" என்று நிறுத்தினார்.

செல்வி பேசவில்லை. நாலு செகண்டு போயிற்று, ஆறு போயிற்று, பத்து போயிற்று.

"நான் முடிக்க மாட்டேன் சார். நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன பாக்கன்னு கேக்க வந்தேன்," என்றார்.

"பதிவேட்டப் பாக்குறேன். 'சீப்பு' பத்துல ஒரு பங்கு செகண்டுல உங்க காதுக்கு வந்திருச்சு. அப்புறம் நாலு செகண்டு அது எங்க இருந்துச்சு?"

அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க."

"வாய்க்குள்ளயா?"

"ம்."

"இன்னைக்கு மட்டும் இல்ல சார். ஏழு வருசத்துக்கு முன்னால மதுரையில உங்க பெட்டி இருக்கிற வரிசைக்கு மட்டும் மெஷின மாத்திருக்காங்க. அன்னையிலருந்தே கால் செகண்டுல வந்திருக்கு. பழைய டிரைவர் மேல ஒரு குத்தமும் இல்ல. நாங்கதான் முதல் வருசத்து ரிப்போர்ட்டையே வருசா வருசம் பாத்து எழுதிருக்கோம். ஏழு வருசமா நீங்க வேணும்னே…"

"மெதுவா, மெதுவா. மாடியில இருக்கா." இன்னாசி முன்னால் சாய்ந்தார். பேச்சு தடையில்லாமல், கொஞ்சம் அவசரமாகவே வந்தது, பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ விறுவிறுவென்று நடப்பது போல. "கேளு தாயி. மொத ரெண்டு வருசம் நெசமாவே வராது. தவிச்சுப் போவேன். அவதான் முடிச்சுக் குடுப்பா. பதினெட்டு வருசம் ஏணி மேல நின்னு விசில் ஊதுனவ, அத விட்டுட்டு என் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்தா. ஒருநாளு பாத்தா வார்த்த டக்குனு வந்து விழுது. சந்தோசத்துல சொல்லத்தான் போனேன். அவ சோத்துத் தட்ட வச்சிக்கிட்டு, நான் பேச வாயத் தொறந்ததும் தலையச் சாச்சுக் காத்திருந்தா பாரு, பந்து எந்தப் பக்கம் விழும்னு பாக்குத மாதிரி. நான் முழுசாப் பேசிட்டா, எதுக்காக விசில விட்டோம்னு அவ நெனைக்க மாட்டாளா? இத்தன நாளு செஞ்சது ஒண்ணுமில்லாமப் போயிருமே. அதான், நாளைக்குச் சொல்லுவோம்னு வாயிலயே வச்சேன்."

"நாளைக்கு நாளைக்குன்னு ஏழு வருசம்."

"தள்ளத் தள்ள சொல்ல முடியாமப் போச்சு. என்ன ஏமாத்துனியான்னு கேட்டா என்ன சொல்ல? அவகிட்ட சொல்லிராத தாயி."

செல்விக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "இந்த வீட்டுல ஆளாளுக்கு என்கிட்ட 'சொல்லிராத'ன்னு குடுத்து வைக்கிறீங்க. நான் டிரைவர் போட வந்தவ சார், ரகசியம் காக்க வந்தவ இல்ல."

"ஆளாளுக்குன்னா? அவளும் ஏதும் சொன்னாளா?"

"நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதனால சொல்ல மாட்டேன்." செல்வி எழுந்துபோய் ஜன்னலின் மறு கதவையும் நன்றாகத் திறந்துவிட்டாள். "ஆனா அம்மாவுக்குச் சன்னமாப் பேச வராது போல."

வராதுதான். நாலு கோர்ட்டுக்குக் கேட்டுப் பழகிய குரல் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தது.

"…இல்லய்யா, இந்த வருசமும் தோதுப்படாது. ஆமா, ஏழாவது கடுதாசிதான், எனக்குத் தெரியாதா? நாப்பது நாளுல்லாம் அவர விட்டுட்டு வர முடியாதுய்யா. நான் இல்லன்னா ஒரு வாக்கியம் முடிக்க மாட்டாரு. வேற ஆளப் போடுங்க. ஏணிமேல நிக்க எனக்கு ஆசை இல்லாமலா? ஆசையெல்லாம் இருக்கு…"

இன்னாசி அசையாமல் கேட்டார். "ஏழாவதா?" என்றார். பிறகு, "நாப்பது நாளா?" என்றார். கைத்தடியை எடுத்தார். இழுக்கும் வலது காலைத் தூக்கி வைத்து, செல்வி பிடிக்க வருவதற்குள் படியடிக்குப் போய்விட்டார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் புயலிலும் மழையிலும் கப்பல்களுக்குக் கேட்ட குரலை எடுத்தார்.

"பெர்னா! போன வச்சிராத. நீ வாறேன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லு. நாப்பது நாளும் நான் இருந்துக்கிடுவேன். சோறு வைக்கத் தெரியும், மீன் கொழம்பு ஒன்னவிட நல்லா வைப்பேன், எதுத்த வீட்டு சூசை காலையும் மாலையும் வந்து பாத்துக்கிடுவான். கன்னியாகுமரியில காத்து சாஸ்தி, தலைக்குத் துணி எடுத்துட்டுப் போ. ஓவர்!"

மேலே சத்தமே இல்லை.

செல்வி தன்னையறியாமல் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இந்த முறை காத்திருந்தது இன்னாசி. தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார். ஐந்து, ஆறு.

"நான் வாறேன்னு சொல்லணும்," என்று மேலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது. "நாப்பது நாளும் நீங்க இருந்துக்கிடுவீய. சோறு வைப்பீய. மீன் கொழம்பு…" ஒரு மூக்குறிஞ்சல். "மீன் கொழம்பு என்னவிட நல்லா வைப்பீயளாக்கும்! சூசை வருவான். தலைக்குத் துணி. ஓவர்."

"சரியாச் சொல்லிட்ட," என்றார் இன்னாசி. படியடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெர்னதெத் இறங்கி வந்தபோது கையில் துணி எதுவும் இல்லை. போனில் 'வாறேன்' என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள். கணவரைப் பார்க்கவில்லை, செல்வியைத்தான் பார்த்தாள். "வேலை செய்யுது போல, உன் டிரைவரு."

இன்னாசியும் செல்வியைத்தான் பார்த்தார்.

"செய்யுதும்மா," என்றாள் செல்வி. "பழசு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. வெளிய எடுத்ததும் சரியாயிருச்சு. சார், கடைசியா ஒண்ணே ஒண்ணு."

அட்டையை முழுக்கத் திருப்பவில்லை. "தீப்பெட்டி," என்றார் அவர்.

"போதும் சார், போதும். படத்த நான் இன்னும் காட்டவே இல்ல."

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மிச்சமிருந்தது: முன்பிருந்த தாமதத்திற்குக் காரணம். செல்வி பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு 'பழைய டிரைவர்' என்று எழுதினாள். பாவம், அது ஒன்பது வருஷம் உழைத்த கோப்பு. கடைசியில் பழியையும் சுமந்துகொண்டு போகட்டும்.

கையில் ஒரு தூக்குவாளியோடு வாசல்வரை வந்தாள் பெர்னதெத். "மக்ரூன் இருக்கு. போற வழியில தின்னு. கோவில்பட்டிக்காரிக்கு எங்க ஊரு பண்டமும் தெரியட்டும்."

"எதுக்கும்மா?"

"வச்சுக்கோ. வாளி அடுத்த தடவ வந்தாப் போதும்." வாசற்கதவைப் பின்னால் சாத்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் என்பது சாதாரணக் குரல். "நீ நல்லாப் பொய் எழுதுத, என்ன?"

செல்வி ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்த கையோடு நின்றாள்.

"எனக்கு எப்பமோ தெரியும் பிள்ள. பந்து கைய விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாலயே எந்தப் பக்கம் போவும்னு பாத்தவ நான். இவிய வாயில வார்த்தை வந்து நிக்குதது எனக்குத் தெரியாதா? வார்த்தை இல்லன்னா கண்ணு அலையும். மொத ரெண்டு வருசம் அலைஞ்சுச்சு. பெறகு அலையல. வார்த்தைய வச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருப்பாரு."

"தெரிஞ்சா ஏம்மா கேக்கல? பந்தப் பிடிச்சு வச்சா ஃபவுல்தான?"

"சர்வீஸ் போட எட்டு செகண்டு வரைக்கும் உண்டு. அவரு நாலுதான எடுத்தாரு? நான் எப்பிடி விசில் ஊத?"

செல்வி சிரித்தாள். ஆனால் விடவில்லை. "ஏழு லெட்டர் வந்துச்சேம்மா. சார் பேசுவாருன்னு தெரிஞ்சுக்கிட்டே மாட்டேன்னு சொல்லிருக்கீங்க."

பெர்னதெத் தெருவைப் பார்த்தாள். "நான் கடைசியா நின்ன மேட்ச் நாகர்கோவில்ல ஒரு ஃபைனலு. மேட்ச் பாயிண்டு. பந்து கோட்டு மேல விழுந்துச்சு. நான் வெளியேன்னு கையக் காட்டிட்டேன். காட்டினதும் தெரிஞ்சிட்டு, தப்புன்னு. மாத்திச் சொல்ல ஒரு செகண்டு இருந்துச்சு, சொல்லல. பந்த அடிச்ச பிள்ளை அழல, சண்ட போடல. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அந்த வாரந்தான் இவருக்கு இப்படி ஆச்சு. ஊரே சொல்லிச்சு, புருசனுக்காக எல்லாத்தையும் விட்டுட்டான்னு. நானும் 'ஆமா'ன்னுட்டேன். அவரு பின்னால ஒளிஞ்சுக்கிட எனக்கும் அந்த நாலு செகண்டு தோதா இருந்துச்சு."

"அந்தப் பொண்ணு இப்ப?"

"இந்த லீக்குல ஆடுதா. முப்பத்தாறு வயசு, ஒரு டீமுக்கு கேப்டன். அட்டவணையில பேரப் பாத்தேன். மூணாவது நாளு அவ மேட்ச்சுக்கு நான்தான் ஏணி ஏறணும்."

"பயமா இருக்காம்மா?"

"பின்ன? மேட்ச்சுக்கு முன்னாலயே போயி, அன்னைக்கு பந்து உள்ளதான்னு சொல்லிரணும். ஒம்பது வருசம் தள்ளிப்போச்சு, ஆனாலும் சொல்லணும்."

"ஏழு வருசத்த ரெண்டு பேரும் இப்பிடியே விட்டுட்டீங்களேம்மா."

"விட்டுட்டோம்தான். யாருக்குக் கார்டு காட்டச் சொல்லுத? காட்டினா ரெண்டு பேருக்கும்தான் காட்டணும்." சட்டென்று ஏதோ நினைவு வந்தவள் போல வண்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். "ஒண்ணு கேக்கணும். நான் திரும்பி வந்த பெறகு, அந்தப் பழைய டிரைவர மறுபடி போட முடியுமா?"

"முடியாதும்மா. போட்டாலும் பேச முடியாது. பழைய கிடங்கே இருக்காது."

"செரி, போகட்டும்," என்றாள் பெர்னதெத்.

உள்ளே அலமாரிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னாசியின் குரல்.

"பெர்னா, அந்த…"

ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி செல்வி எண்ணினாள். ஒன்று, இரண்டு. பெர்னதெத்தின் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று. அவள் கண்ணில் அவசரமே இல்லை. நாலு.

"விசிலு! மேல் டிராயர்ல, செபமாலைக்கு அடியில இருக்கு. எடுத்து வைங்க," என்று பெர்னதெத் தெருவெல்லாம் கேட்கச் சொன்னாள்.

"மேல் டிராயர். செபமாலைக்கு அடியில," என்றது உள்ளேயிருந்து குரல். "ஓவர்."